டென்ட்டுக்கு அடியில் என்ன விரிப்பது? கிரவுண்ட் ஷீட், தார்ப்பாய், படுதா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்ட் வாங்கிய கையோடு எல்லோருக்கும் வருகிற அடுத்த சந்தேகம், அதற்கு அடியில் என்ன விரிப்பது என்பதுதான். கிரவுண்ட் ஷீட், ஃபுட்பிரின்ட் (டென்ட்டின் அளவுக்கே வெட்டி விற்கிற ஷீட்), தார்ப்பாய், படுதா, சில்பாலின் என்று கடைக்குக் கடை ஒரு பெயர், விலையும் அதே மாதிரி தாறுமாறு. ஏலகிரி, ஜவ்வாது, கொடைக்கானல் மேல்மலை, வால்பாறை பக்கம் ஓர் இரவு தங்குகிறவர்கள், பாதயாத்திரை போகிறவர்கள், தோட்டத்தில் காவலுக்குப் படுப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துதான் இந்தப் பதில்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை விரிக்கிறோம் என்பதைவிட எந்த அளவில், எப்படி விரிக்கிறோம் என்பதுதான் நனையாமல் தூங்குவதைத் தீர்மானிக்கிறது.

டென்ட்டிலேயே தரைத்துணி தைத்துத்தானே வருகிறது, அதற்குக் கீழே இன்னொன்று எதற்கு?

முதல் காரணம் தண்ணீர் இல்லை, முள். நம் ஊர்த் தரையில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் சரளைக்கல்லும் இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டென்ட்டின் தரைத்துணி மெல்லிய பாலியெஸ்டர் அல்லது நைலான், அதன் மேல் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. உள்ளே நாம் புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்தத் துணி கல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் அரைபடுகிறது. பூச்சு தேய்ந்த இடம் நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அடியில் ஒரு மலிவான ஷீட் இருந்தால் தேய்வதும் கிழிவதும் அதுதான்.

இன்னொரு வசதி, சேறு. காலையில் கிளம்பும்போது சேறு ஷீட்டில் இருக்கும், டென்ட் சுத்தமாக இருக்கும், இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

தங்கும் இடத்தில் மரப்பலகை மேடையோ நல்ல புல்தரையோ இருந்து, டென்ட்டும் தடிமனான தரை உள்ளதாக இருந்தால் தனி ஷீட் கட்டாயமில்லை. சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவில் வாங்க வேண்டும்? பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஷீட் டென்ட்டைவிடப் பெரிதாக இருந்து, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? மழை டென்ட்டின் மேல்துணியில் விழுந்து வழிந்து நேராக அந்த நீட்டிய ஓரத்தில் இறங்கும். பிளாஸ்டிக் என்பதால் மண்ணுக்குள் போக வழியில்லை, அதனால் ஷீட்டுக்கும் டென்ட் தரைக்கும் நடுவில் ஓடி உள்ளே தேங்கும். நீங்கள் படுத்திருப்பது ஒரு குட்டைக்கு மேல். எத்தனை விலை கொடுத்த டென்ட்டானாலும் அந்தத் தேங்கிய தண்ணீரின் மேல் முழங்கால் ஊன்றினால் கசியத்தான் செய்யும். வெறும் மண்ணில் டென்ட் போட்டிருந்தால்கூட அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கியிருக்கும். அதாவது தப்பான அளவு ஷீட், ஷீட்டே இல்லாததைவிட மோசம்.

ஆகவே டென்ட் தரையின் நீள அகலத்தை அளந்து, ஒவ்வொரு பக்கமும் நான்கு விரற்கடை உள்ளே வருகிற மாதிரி ஷீட்டை வெட்டுங்கள். 7 அடிக்கு 5 அடி டென்ட் என்றால் ஏறக்குறைய ஆறரைக்கு நாலரை அடி போதும். வெட்ட மனமில்லை, அதே ஷீட்டை மற்ற வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக, மண்ணைப் பார்த்து மடித்துவிடுங்கள். மேல்பக்கமாக மடித்தால் அது தொட்டி கட்டுவது போல ஆகிவிடும், வந்த தண்ணீர் வெளியே போகவே போகாது.

வாசல் பக்கம் செருப்பு, பை வைக்க ஷீட்டை நீட்டிப் போடுகிறவர்கள் உண்டு. மழையில்லாத மாசி, பங்குனியில் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் செய்யாதீர்கள். செருப்புக்குத் தனியாக ஒரு துண்டு பிளாஸ்டிக் போட்டால் போகிறது.

ஷீட்டை டென்ட்டுக்கு வெளியே விரிப்பதா, உள்ளே விரிப்பதா?

இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் நியாயமும் இருக்கிறது. வெளியே, அடியில் விரித்தால் டென்ட்டின் தரை பிழைக்கும். உள்ளே விரித்தால் டென்ட்டின் தரை அடிபடும், ஆனால் கீழிருந்து கசிந்து வந்தாலும் உங்கள் படுக்கை நனையாது. உள்ளே விரிக்கிறபோது கொஞ்சம் பெரிதாகவே எடுத்து, சுவரோரம் ஓரிரு அங்குலம் மேலே ஏறுகிற மாதிரி விட வேண்டும்.

கல்லும் முள்ளும் உள்ள வறண்ட இடம் என்றால் வெளியே. நிச்சயம் கனமழை, தரை ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது, டென்ட்டும் பழசு என்றால் உள்ளே. பழைய டென்ட் வைத்திருக்கிறவர்கள் இரண்டாவதை ஒரு தடவை செய்து பார்க்கலாம், தரைத்துணி மாற்றுகிற செலவு மிச்சம்.

மழையே இல்லை, ஆனாலும் காலையில் பாய்க்கு அடியில் ஈரம். ஷீட் ஓட்டையா?

பெரும்பாலும் ஓட்டை இல்லை, உங்கள் மூச்சும் வியர்வையும்தான். ஒரு ஆள் இரவு முழுக்க விடுகிற ஈரக்காற்று டென்ட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், அது குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் நீராகப் படியும். மலையில் இரவு தரை குளிர்ந்துவிடும், தரையோடு ஒட்டிய பிளாஸ்டிக்கும் குளிரும், மேலே நீங்கள் வெதுவெதுப்பாகப் படுத்திருக்கிறீர்கள். உடம்பிலிருந்து இறங்குகிற ஆவி பாய்க்கும் தரைக்கும் நடுவில் போய்த் தண்ணீராக நிற்கும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி: படுக்கும் முன் டென்ட்டின் தரையைத் துடைத்துவிட்டு, உள்ளங்கை அகல பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். காலையில் அந்தத் துண்டின் மேல் ஈரம் இருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. துண்டைப் பிரித்துப் பார்த்து அடியில் ஈரம் இருந்தால் தரை கசிகிறது.

முதல் வகைக்கு மருந்து கூடுதல் பிளாஸ்டிக் இல்லை, காற்று. மேல் ஜன்னலையும் எதிர்ப்பக்க வாசலின் வெளித்துணியில் ஒரு சாண் ஜிப்பையும் திறந்து வையுங்கள், உள்ளே இருக்கிற வலைக்கதவு மூடியே இருக்கட்டும். குளிருகிறதே என்று எல்லாவற்றையும் மூடுகிறவர்கள்தான் காலையில் நனைந்து எழுகிறார்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள். உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது. அது ஈரத்துக்காக மட்டும் இல்லை, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஜிஎஸ்எம், மைக்ரான் என்று கடைக்காரர் சொல்கிறார். எது நமக்கு?

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் எடை, கிராமில். மைக்ரான் என்றால் தடிமன், 1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். பாலிதீனுக்குத் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி குறைவு என்பதால், நெசவில்லாத ஷீட்டில் 100 மைக்ரான் ஏறக்குறைய 93 ஜிஎஸ்எம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டென்ட்டுக்கு அடியில் போட 90 முதல் 120 ஜிஎஸ்எம் தாராளம். 7 அடிக்கு 5 அடி என்பது ஏறக்குறைய மூன்றேகால் சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம்மில் அது 400 கிராம் பக்கம் வரும், 200 ஜிஎஸ்எம்மில் 650 கிராம். பைக்கில் அல்லது காரில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டின் எடை. நெல் காயப்போடுகிற 200, 250 ஜிஎஸ்எம் படுதாவை மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

கடையில் கேட்கும்போது ஜிஎஸ்எம்மைச் சொல்லிக் கேளுங்கள், கையால் தொட்டு "கனமாகத்தான் இருக்கிறது" என்று வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்: எடையைச் சதுர மீட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். 10.76 சதுர அடி ஒரு சதுர மீட்டர்.

நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறத்தை வைத்துத் தரம் சொல்வதை நம்ப வேண்டாம். கறுப்புக்கு மட்டும் ஒரு உண்மையான நன்மை உண்டு. அதில் கலக்கிற கரித்தூள் வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும், அதனால் சீக்கிரம் நொறுங்காது.

நீலத் தார்ப்பாய்க்கும் சில்பாலினுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண நீலத் தார்ப்பாய் என்பது ஹெச்டிபிஇ (கெட்டியான வகைப் பாலிதீன்) பட்டைகளைப் பாய் மாதிரி நெய்து, இரண்டு பக்கமும் மெல்லிய பாலிதீன் படலம் ஒட்டியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நெசவு தெரியும். தண்ணீரை நிறுத்துவது நெசவு இல்லை, அந்தப் படலம்தான். திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் மடித்தால் மடிப்பில் படலம் உரிந்து, அங்கிருந்து கசிய ஆரம்பிக்கும். பழைய தார்ப்பாயில் தண்ணீர் எப்போதும் மடிப்புக் கோட்டில்தான் இறங்கும், கவனித்துப் பாருங்கள். அதனால் மடிக்காமல் சுருட்டி வையுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள்.

சில்பாலின் என்பது ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயர், நம் கடைகளில் அந்த வகைக்கே பெயராகிவிட்டது. அதில் நெசவு கிடையாது. ஒரு திசையில் இழுத்து வலுவேற்றிய பாலிதீன் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பார்கள். அதே எடைக்கு கிழிசல் பரவாது, மடிப்பில் உரிகிற தொல்லையும் குறைவு. டென்ட் அடியில் போட என்னைக் கேட்டால் இதுதான், 90 அல்லது 100 ஜிஎஸ்எம். ஒரே குறை, வழுக்கும், சரிவில் டென்ட் போட்டால் தூக்கத்தில் கால்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போவீர்கள்.

நெய்த வகையை எடுத்தால் ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைத்திருக்க வேண்டும், கண்ணி (கயிறு கோர்க்கிற வளையம்) அலுமினியமாக இருக்க வேண்டும். இரும்புக் கண்ணி ஒரு மழைக்காலத்தில் துரு ஏறி, சுற்றியுள்ள ஷீட்டையும் தின்றுவிடும்.

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கிறது, அதை விரிக்கலாமா?

விரிக்கலாம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் முடிந்தால் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம். தண்ணீர் உள்ளே விடாது, முள்ளையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அது பிவிசி பூசிய பாலியெஸ்டர், 300 ஜிஎஸ்எம் பக்கம் வரும், இரண்டு பேர் டென்ட் அளவுக்கே ஒரு கிலோ. கார் பக்கத்தில் டென்ட் போடுகிறவர்களுக்கு ஓகே, நடந்து ஏறுகிறவர்களுக்கு வேண்டாம்.

அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும். புது ஃப்ளெக்ஸில் மை வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் தலைவலி கொண்டுவரும், ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு எடுங்கள். அதன் மேல் நேரடியாகச் சோறு, காய்கறி பரப்ப வேண்டாம், பிவிசியை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கிற ரசாயனங்கள் எண்ணெய்ப் பண்டங்களில் இறங்கக்கூடியவை. எரிக்கவே எரிக்காதீர்கள், பிவிசி எரிந்தால் வருகிற புகை நச்சு.

அப்புறம் ஒன்று, மானக்கேடு பார்க்காதவர்களுக்கு மட்டும்: தலைவர் முகத்தின் மேல் டென்ட் போட்டால் பக்கத்து டென்ட்டுக்காரர் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்ச்சிங் ஷீட், பண்ணைக்குட்டை ஷீட், உரச்சாக்கு?

களை வராமல் இருக்கப் பாத்தியில் விரிக்கிற மல்ச்சிங் ஷீட் 25, 30 மைக்ரான்தான். ஒரு இரவு தாங்கலாம், காலையில் எடுக்கும்போது கிழியும், கிழிந்த துண்டுகள் காட்டில் கிடக்கும். வேண்டாம். பண்ணைக்குட்டைக்குப் போடுகிற 500 மைக்ரான் ஷீட் அதற்கு நேர் எதிர், யானை மிதித்தாலும் பரவாயில்லை என்கிற தடிமன், ஆனால் மடிக்கவே முடியாது, இரண்டு பேர் அளவுக்கு ஒன்றரைக் கிலோ. களத்து மேட்டில், தோட்டக் கொட்டகையில் நிரந்தரமாகப் போட்டுவைக்க அருமை. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதா முள்ளைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது, அதன் நெசவிலும் தையலிலும் கசியும். நன்றாக அலசாத சாக்கில் உரத்தூள் ஒட்டியிருக்கும், ஈரமானால் உடம்பில் எரியும்.

டென்ட் விளம்பரத்தில் 3000 மிமீ, 5000 மிமீ என்று போடுகிறார்களே, அது என்ன?

துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் துணி கசியத் தொடங்குகிறது என்பதுதான் அந்த எண். 3000 மிமீ என்றால் 3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை தாங்கும்.

மேல்துணிக்கு 1500, 2000 போதும், மழைத்துளிக்கு அதற்கு மேல் அழுத்தம் கிடையாது. தரைக்குத்தான் கூடுதலாக வேண்டும், காரணம் நம் எடை. 70 கிலோ ஆள் நீட்டிப் படுத்தால் எடை அரைச் சதுர மீட்டர் பரப்பில் பரவும், அது 140 மிமீ தண்ணீர் அளவு அழுத்தம்தான். அதே ஆள் முழங்காலிட்டால் எடை முழுக்க 100 சதுர சென்டிமீட்டரில் இறங்கும், கணக்குப் போட்டால் 7000 மிமீ. அதனால்தான் படுத்திருக்கும்வரை உலர்ந்திருக்கிற தரை, ஜிப்பைத் திறக்க முழங்காலிட்ட இடத்தில் மட்டும் நனைகிறது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால்தான் இந்தச் சிக்கலே வரும், ஊறாத மண்ணில் எந்த எண்ணாக இருந்தாலும் கவலையில்லை. உள்ளே பாய் விரித்து, அதன் மேல் முழங்காலிட்டால் அழுத்தம் பரவிவிடும்.

நல்ல பாலிதீன் ஷீட்டில் நெசவு ஓட்டை, பூச்சு என்கிற பேச்சே இல்லை. அது பிளாஸ்டிக் படலம், கிழியாதவரை தண்ணீர் போகாது. விலை உயர்ந்த ஃபுட்பிரின்ட்டைவிட சில்பாலின் துண்டு இந்த விஷயத்தில் தோற்காது, தோற்பது எடையிலும் மடிப்பின் அடக்கத்திலும்தான்.

டைவெக் என்று மலையேறுகிறவர்கள் சொல்கிறார்களே?

அது டூபான்ட் கம்பெனியின் பொருள், வெளிநாட்டில் வீட்டுச் சுவருக்குள் ஈரம் போகாமல் சுற்றுகிற ஷீட். ஹெச்டிபிஇ இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்தது. தண்ணீரை விடாது, ஆவியைக் கொஞ்சம் விடும், காகிதம் மாதிரி இருந்தாலும் கையால் கிழிக்க முடியாது. 60 ஜிஎஸ்எம் அளவில் வருவதால் இரண்டு பேர் டென்ட்டுக்கு 200 கிராம்தான் ஆகும்.

புதிதாக விரித்தால் மொறமொறவென்று சத்தம் போடும், பக்கத்தில் படுப்பவர் சண்டைக்கு வருவார். வாஷிங் மெஷினில் பச்சைத்தண்ணீரில் ஓரிரு தடவை சுற்றவிட்டால் மென்மையாகிவிடும், சூடு மட்டும் கூடாது. ஆன்லைனில் வெட்டிய துண்டாகக் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை ஏலகிரி போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, பல நாள் சுமந்து நடக்கிறவர்கள் யோசிக்கலாம்.

வெள்ளிக் காகிதம் ஒட்டிய பாய் போட்டால் குளிராதா?

கிரவுண்ட் ஷீட் குளிரை நிறுத்தாது. எந்த ஷீட்டும் நிறுத்தாது. தண்ணீரை நிறுத்துவது அதன் வேலை, குளிரை நிறுத்துவது அதற்கு மேல் இருக்கிற காற்றடைத்த நுரை. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் மார்கழி, தை இரவில் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு சில்லிட்டுப்போகும்.

வெள்ளிப் பூச்சு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும், அதற்கு நடுவில் காற்று இடைவெளி வேண்டும். நீங்கள் அதன் மேல் படுத்து அழுத்திவிட்டால் சூடு தொடுகையாலேயே இறங்கிவிடும், வெள்ளி வேடிக்கை பார்க்கும். அந்தப் பாய்களில் வேலை செய்வது நடுவில் இருக்கிற நுரைதான், அது 2 மிமீ என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 10 மிமீ மூடிய நுரைப் பாய் (க்ளோஸ்டு செல், அதாவது தண்ணீரை உறிஞ்சாத நுரை) நம் மலைகளுக்குப் போதும். யோகா பாய் இருந்தால் எடுத்துப் போங்கள், எதுவும் இல்லாததற்கு அது மேல். இமயமலைப் பக்கம் போகிறவர்கள் ஆர் மதிப்பு (R-value, பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்கிற எண்) பார்த்து வாங்குங்கள்: பனியில்லாத குளிருக்கு 2 பக்கம், பனித்தரைக்கு 4க்கு மேல். இரண்டு பாயை அடுக்கினால் இரண்டு மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். சிலர் முதல்நாளே விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு பாயில் மிச்சம் பிடிக்கிறார்கள், அது தலைகீழான சிக்கனம்.

பாதயாத்திரைக்கு என்ன எடுத்துப் போகலாம்?

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் மண்டபம், பள்ளிக்கூடம், மரத்தடி என்று கிடைத்த இடத்தில் படுப்பார்கள். டென்ட் இல்லாததால் மேலே சொன்ன அளவுக் கணக்கு இங்கே வேண்டாம். ஆறடிக்கு மூன்றடி ஷீட், 120 ஜிஎஸ்எம், எடை 200 கிராம். அதன் மேல் ஒரு பருத்திப் போர்வையோ மெல்லிய கோரைப் பாயோ போட்டால்தான் வியர்வையில் பிளாஸ்டிக் உடம்போடு ஒட்டாது.

தை மாதத்தில் ஈரம் கீழிருந்து மட்டும் இல்லை, பனி மேலிருந்தும் இறங்கும். பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தால் உள்ளே வியர்த்து நனைவீர்கள். கூரையோ மரமோ இருக்கிற இடமாகப் பார்த்துப் படுப்பதுதான் வழி, மரத்தடியில் பனி குறைவு. எவ்வளவு அசதியாக இருந்தாலும் ரோட்டோரத்திலும், நிற்கிற லாரிக்குப் பக்கத்திலும் அடியிலும் படுக்காதீர்கள்.

நம் பிளாஸ்டிக் பாய், அதாவது வண்ணக் கோடு போட்டு நெய்தது, உலர்ந்த மண்டபத்துக்குச் சரி. ஈரத்தரையில் நெசவின் இடைவெளி வழியே தண்ணீர் ஏறும், அதை நீர்புகாத விரிப்பு என்று நினைக்க வேண்டாம்.

பாம்பு, தேள், அட்டை ஷீட்டுக்கு மேல் வராதா?

வரும். ஷீட் எதையும் தடுக்காது. பிளாஸ்டிக் வாசனைக்குப் பாம்பு வராது, சுற்றிக் கயிறு போட்டால் தாண்டாது என்பதெல்லாம் கதை.

வெறும் தரையில் ஷீட் விரித்துப் படுப்பவர்கள் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் நடமாடும், தூங்குகிறவர்கள் பக்கத்தில் வரும். அது கடித்தது பல நேரம் வலிக்காது, வீங்காது, காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்றுதான் தெரியவரும். ஆகவே திறந்தவெளியில் படுத்தால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். இதற்குச் செலவும் சொற்பம், கொசுவும் போகும். தூங்கி எழுந்து காரணம் தெரியாமல் வயிற்றுவலியும் கண் சொக்கலும் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

டென்ட்டில் வலைக்கதவின் ஜிப்பை முழுக்க மூடிவிட்டால் உள்ளே பயமில்லை. ஆபத்து காலையில் ஷீட்டைச் சுருட்டும்போதுதான். இரவு முழுக்க நீங்கள் சூடாக்கிவைத்த, இருட்டான, ஈரமில்லாத இடம் அது, தேளுக்கும் பூரானுக்கும் அதைவிட என்ன வேண்டும். கையை அடியில் விடாமல், ஒரு ஓரத்தைக் குச்சியால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். குழந்தைகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அட்டை வால்பாறை, மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில். ஷீட்டின் ஓரத்தில் உப்புத்தூளோ மூக்குப்பொடியோ தூவுவார்கள், மழை பெய்தால் கரைந்துபோகும். நன்றாக மூடுகிற டென்ட்டும் அட்டை சாக்ஸும்தான் உருப்படியான வழி.

டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டாமா?

வேண்டாம். பழைய பழக்கம் அது, தரைத்துணி இல்லாத கித்தான் கூடாரக் காலத்தது. வெட்டிய இடத்தில் அடுத்த மழையில் மண் அரித்துப் போகும், மலைச்சரிவில் அது பெரிய பள்ளமாகிவிடும். தண்ணீர் தேங்காத, லேசாக மேடான இடத்தைப் பிடியுங்கள். சுற்றியுள்ள புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சருகு வரிசையாக ஒதுங்கியிருந்தால் அது தண்ணீர் ஓடுகிற வழி. வறண்ட ஓடையில் மணல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று படுக்கவே கூடாது. மேலே எங்கோ பெய்த மழை அரைமணியில் கீழே வந்துவிடும், அதற்கு எந்த ஷீட்டும் ஈடுகொடுக்காது.

அடியில் விரிக்கிற ஷீட்டையே மேலே கூரையாகக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் முள் குத்திய ஷீட்டை மேலே கட்டினால் துளித்துளியாக இறங்கும். இரண்டு தனித்தனி ஷீட் வைத்துக்கொள்வது மேல், அடிஷீட் கிழிய அனுமதி பெற்றது. கூரைக்குக் கண்ணி வேண்டும், மூன்றடிக்கு ஒன்றாவது. அடிஷீட்டுக்குக் கண்ணியே வேண்டாம்.

எங்கு வேண்டுமானாலும் ஷீட் விரித்து டென்ட் போடலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது, நடக்க விரும்புகிறவர்கள் அதில் பதிவு செய்யலாம். டென்ட் போட்டுத் தங்க தனியார் தோட்டங்களும் விடுதிகளின் முகாம் இடங்களும்தான் பெரும்பாலும் கதி. அங்கேயும் போகும் முன் தரை மண்ணா, பலகையா, சிமெண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள், ஷீட்டைச் சுமப்பதா வேண்டாமா என்பது அதிலேயே முடிவாகிவிடும்.

ஷீட்டை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது? என் டென்ட்டின் தரை பிசுபிசுவென்று ஒட்டுகிறதே?

பாலிதீன் ஷீட்டுக்கு ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் கொடியில் போட்டு இரண்டு பக்கமும் காயவிட்டுச் சுருட்டுங்கள். வெயிலிலேயே பல மாதம் போட்டுவைத்தால் நொறுங்கித் தூளாக உதிரும்.

பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வருகிறது என்றால் அது டென்ட் துணியில் இருக்கிற பாலியூரித்தேன் பூச்சு சிதைவது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்ல உடைந்து கரையும், ஈரத்தோடு மூட்டை கட்டி மாடி அறையில் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். ஒருமுறை தொடங்கிவிட்டால் திரும்பாது. பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபூச்சு போடுகிறவர்கள் உண்டு, அந்த உழைப்புக்கு நான் டென்ட்டுக்குள் ஒரு சில்பாலின் விரித்துவிட்டு அதன் ஆயுள் முடியும்வரை ஓட்டிவிடுவேன்.

கிழிந்தால் ஒட்டலாமா?

பாலிதீனில் பசை பிடிக்காது, ஃபெவிகாலும் சிலிகானும் காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். தார்ப்பாய் ஒட்டுவதற்கென்று வருகிற டேப்பை, இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. பெரிய கிழிசல் என்றால் தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுங்கள், சூடுவைத்து ஒட்டித் தருவார்கள், சில நேரம் அங்கேயே வெட்டுத்துண்டு புதிதாக மலிவாகக் கிடைக்கும். டென்ட் துணி சிலிகான் பூசிய நைலானாக இருந்தால் அதற்கு சிலிகான் பசை மட்டும்தான் பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்கு சீம் சீலர் (தையலை அடைக்கிற பசை) என்று கேட்டு வாங்குங்கள்.

ஒட்ட முடியாத அளவுக்குப் போய்விட்டால் நல்ல பாகத்தை இரண்டடிச் சதுரங்களாக வெட்டி வையுங்கள், ஈரப்பாறையில் உட்கார, செருப்பு வைக்க, நனைந்த விறகை மூட உதவும். மிச்சத்தைப் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவரிடம் போடுங்கள்.